தனித்து வாழும் உயிர்

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்பது முதுமொழி. மாந்தர்க்கு அது பொருந்தும். எல்லா உயிர்க்கும் பொருந்துமோ?

அடையாற்றில் எங்கள் வேலியோரம் ஓணான்கள் வாழ்கின்றன. வேனிற்காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செந்நிறம் கொள்ளும். அது கல்லின்மேல் ஏறி, உடலை உயர்த்தித் தாழ்த்தி, ‘இஃது என் எல்லை’ என அறிவிக்கும். வேறோர் ஆண் வந்தால் போர் மூளும். தோற்றது ஓடிப் பிழைக்கும்.

ஆஸ்திரேலிய நாட்டுத் தாடி ஓணானும் இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. மயிலாப்பூரில் நண்பர் ஒருவர் அவற்றுள் இரண்டினை ஒரே கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தார். வெப்ப விளக்கின்கீழ்ப் பெரியது சிறியதன்மேல் படுத்திருக்கும். “என்ன அன்பு!” என்று அவர் மகள் மகிழ்வாள். அஃது அன்பன்று, ஆதிக்கம்.

ஊர்வன தம் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. தாடி ஓணான் குளிர்காயும் இடத்தில் ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அது குறைந்தால் உண்ட இரையும் நன்கு செரியாது. பெரியதோ வெப்பத்தைத் தானே கவர்ந்துகொண்டது. சிறியது முன்காலைத் தூக்கி மெல்ல அசைத்தது. அது விளையாட்டன்று, ‘பணிந்தேன்’ என்னும் குறிப்பு. வேலியோர ஓணானுக்கு ஓட வழியுண்டு. பெட்டிக்குள் வழி ஏது? சிறியது நாளும் மெலிந்தது, வால்நுனியும் கடியுண்டது.

பின்னர்த் தனிப்பெட்டியும் தனிவிளக்கும் அமைத்தனர். ஒன்றையொன்று காணாவண்ணம் இடையே அட்டை வைத்தனர். சிறியது தேறியது.

ஆண்கள் இரண்டாயின் போர் நிகழும். ஆணும் பெண்ணுமாயின் பெண்ணுக்கு ஓய்விராது. ஆதலின் ஒவ்வொன்றிற்கும் தனியிடமே காப்பு. நமக்கு இனியது பிறவுயிர்க்கும் இனியது எனக் கொள்ளாது, அதன் இயல்பறிந்து பேணுதலே உண்மை அருளாகும்.