பீரோ தூக்கியபோது வந்த தலைவலி

நம்மாட்கள் வீட்டில் தலைவலிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்ட்ராங்காக ஒரு காபி. அதற்கும் அடங்கவில்லை என்றால் தைலம். அப்புறம் ஒரு மாத்திரை, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு தூக்கம். பெரும்பாலும் காலையில் சரியாகிவிடும்.

இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த வரிசைக்குள் அடங்காத தலைவலி. பாரம் தூக்கும்போதோ, ஓடும்போதோ, படியேறும்போதோ திடீரென்று வருவது. ஊரை விட்டு வெளியே இருக்கும் குடும்பங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லைங்க, கணக்கு எழுதுகிறவன். டாக்டரிடம் கேட்டதும் பிறகு தேடிப் படித்ததும்தான் இது.

சொந்த ஊர் விருதுநகர். ஒன்பது வருடமாக மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. பஜார் ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், மிளகும் சுக்கும் ஏலமும் கலந்து ஒரு வாசனை வரும். அந்தப் பக்கம் யூதத் தெருவில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், இந்தப் பக்கம் குடோன்களில் மூட்டை இறங்கும். விருதுநகர்க்காரனுக்கு குடோன் அன்னியமில்லை. வெயில்தான் வேறு. நம்மூர் வெயில் சுடும், இங்கத்திய வெயில் வேகவைக்கும்.

போன ஏப்ரலில் வீடு மாறினோம். பழைய காலத்து மாடி வீடு. சாமான்களை ஏற்றிவிட்டு லோடுமேன்கள் போய்விட்டார்கள். பீரோவை மட்டும் அடுத்த ரூமுக்கு மாற்றலாம் என்று நானும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். மூச்சைப் பிடித்து ஒரு தூக்கு. அவ்வளவுதான், பின்மண்டையில் யாரோ உலக்கையால் போட்ட மாதிரி ஒரு வலி. இரண்டு பக்கமும் விண்விண்ணென்று தெறிக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டுச் சேட்டன் ரிட்டயர் ஆன சுமட்டுத் தொழிலாளி. நம்மூர் பாஷையில் லோடுமேன். சத்தம் கேட்டு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மோனே, இது வெறுதே விடண்டா" என்றார். சும்மா விடாதே என்று அர்த்தம். அவரே ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் என் மனைவி "தலைவலி" என்றாள். டோக்கன் எடுத்து உட்காரச் சொன்னார்கள். சேட்டன் குறுக்கே புகுந்து, "பாரம் எடுத்தப்போள் பெட்டென்னு தலவேதன வன்னு" என்றதும் அந்த நர்ஸ் எழுந்துவிட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஸ்கேன். நல்லவேளை, ரத்தக்கசிவு எதுவும் இல்லை.

இரண்டு வாக்கியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது. உடம்பை வருத்தும்போது வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆனால் மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாயில் ஒரு சின்ன வீக்கம் வெடித்துக் கசிந்தாலும், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும், மூளை ரத்தக்குழாய்கள் திடீரென்று சுருங்கிக்கொண்டாலும் முதல் நாள் வலி இதே மாதிரிதான் இருக்கும். வலியை வைத்துப் பிரித்துச் சொல்ல டாக்டராலேயே முடியாது. அதனால்தான் முதல் தடவை வந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க விதி.

அதுவும் அன்றைக்கே. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியாமல் போவது அபூர்வம். நாள் ஆக ஆகக் கசிந்த ரத்தம் கரைந்து ஸ்கேனுக்குத் தப்பிவிடலாம். அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். "காலையில் பார்த்துக்கலாம்" என்ற நம் வழக்கமான வசனம் இங்கே செல்லாது.

மூன்று வாரம் கழித்து ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் எறணாகுளம் போட்டைப் பிடிக்க ஓடினேன். திரும்பவும் அதே வலி. மறுபடி பார்த்து, கழுத்து ரத்தக்குழாய்கள், இதயம் எல்லாம் சோதித்து, வேறு காரணம் இல்லை என்று ஆன பிறகுதான் ஒரு பெயர் கிடைத்தது: முதன்மை உடற்பயிற்சித் தலைவலி. சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் 2018 வகைப்பாட்டில் இருக்கிறது. குறைந்தது இரண்டு முறை வந்திருக்க வேண்டும், கடும் உழைப்பின்போதோ அதற்குப் பிறகோ மட்டுமே வர வேண்டும், 48 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வெப்பத்திலும் உயரமான மலைகளிலும் அதிகம் வரும் என்றும் அதில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்துக் கொச்சிக்கு இதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும் :-)

ஏன் வருகிறது? 1932-லேயே டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைக்குள் இருக்கும் சிரைகள் விம்முவதால் வலிக்கிறது என்றார். மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது, தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைப்படுகிறது. இந்த வலி உள்ள பலருக்குக் கழுத்துச் சிரையின் வால்வு சரியாக மூடுவதில்லை என்றும் பின்னால் கண்டிருக்கிறார்கள். முழுக் காரணம் இன்னும் முடிவாகவில்லை.

வைத்தியம் எளிமைதான். பலருக்கு இண்டோமெதசின் என்ற மாத்திரை கேட்கிறது. உழைப்புக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வார்கள். வயிற்றைப் புண்ணாக்கக் கூடியது, மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. சிறிது நேரம் மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வது, தண்ணீர் குடிப்பது, உச்சி வெயிலைத் தவிர்ப்பது சிலருக்கு உதவும்.

சேட்டன் சொன்ன பாடம் வேறு. மூட்டையை ஏற்றும்போது மூச்சை வெளியே விட வேண்டுமாம், அடக்கவே கூடாதாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் ஒரு ஆண் தனியாகச் சுமப்பது 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதெல்லாம் வருவதற்கு முன்பே எத்தனை பேர் எவ்வளவு சுமந்திருப்பார்கள்! ஃபோர்ட் கொச்சி பக்கம் வெளி என்ற இடத்தில் தோபி கானா இருக்கிறது. அங்கே துணி துவைப்பது தலைமுறை தலைமுறையாக நம் தமிழ் ஆட்கள். ஈரத்துணி மூட்டையைத் தூக்கும் அவர்களுக்கும் தலை வலித்திருக்கும். யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அன்று ராத்திரியே அம்மாவிடம் போனில் சொன்னேன். வழக்கமாக வெளியூரில் இருக்கும் நாம் இதையெல்லாம் மறைத்துவிடுவோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏய்யா, ஒங்கப்பாவுக்கும் மூட தூக்கையில இப்படித்தான் வரும். தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதும்பாரு" என்றாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அவருக்கு வந்தது இதே சாதாரண வலிதானா, வேறு ஏதாவதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் டாக்டருக்கு அது தேவைப்பட்ட தகவல், அம்மாவிடம் பேசியதால்தான் கிடைத்தது. அதனால் சொல்லிவிடுங்கள். கவலைப்படுவார்கள்தான், ஆனால் பதிலுக்கு ஏதாவது சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, நெஞ்சு அடைப்பு, இதில் ஒன்று கூட இருந்தாலும் கேள்வியே இல்லை, ஓடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் முதல் தடவை என்றால் போய்விடுங்கள். நீங்கள் இருக்கும் ஊரின் பாஷையில், "பாரம் தூக்கும்போது திடீரென்று வந்தது, இதுவரை இப்படி வந்ததில்லை" என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். வெறும் "தலைவலி" என்றால் டோக்கன்தான் கிடைக்கும். "திடீரென்று" என்ற வார்த்தை முக்கியம்.