இருட்டறை வகுப்பு

படம் பிடிப்பது என்பது இன்று ஒரு விரலசைவு. எங்கள் ஈச்சிலம்பற்றிலே மீன் வாங்கப் போகின்றவர்கூடக் கைத்தொலைபேசியிற் சூடைமீனைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி, "இது போதுமோ?" என்று கேட்டுவிட்டே காசை எடுக்கிறார். இத்தகைய நாளிலே கறுப்பு வெள்ளைப் பிலிமையும் அதனைக் கழுவும் இருட்டறையையும் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். வினா நியாயமானதே. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் போற்றுவது எமக்கும் உடன்பாடன்று.

ஆயினும், திருகோணமலை நகரிலே முன்னர் ஸ்ரூடியோ நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் ஆறு சனிக்கிழமைகளில் இக்கலையைக் கற்பிக்க இசைந்தார் என்று கேள்வியுற்றபோது, எமது மாணவர் இருவரையும் அழைத்துக்கொண்டு நாமும் போய்ச் சேர்ந்தோம். வகுப்பில் மொத்தம் அறுவர். போக்குவரத்து முன்போல் இடராக இல்லை. ஒரு காலத்தில் மூதூர்ப் பக்கத்திலிருந்து தரைவழியே நகருக்குப் போவதாயின், நம்மவர் 'பாதை' என்று சொல்லும் மிதவைகளுக்காக ஆற்றுக்கு ஆறு காத்துக் கிடக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலமும் 2011 இல் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டபின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

முதல் நாள் முழுவதும் பிலிமைச் சுருளில் ஏற்றும் பயிற்சிதான். முதலில் வெளிச்சத்தில் ஒரு பழைய பிலிமைக்கொண்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு. அதன் பின்னரே கதவை அடைத்து, இடுக்கெல்லாம் கறுப்புத் துணி திணித்த அறையில். பிரதி போடும் கடதாசிக்குச் சிவப்பு விளக்கு ஆகும். பிலிமுக்கு அதுவும் ஆகாது. அந்த இருளிலே கண்ணைத் திறந்து வைத்திருப்பவன் தடுமாறுகிறான், மூடிக்கொண்டவனுடைய விரல்கள் நன்றாகப் பார்க்கின்றன. இதனை எமக்குக் காட்டித் தந்தவன் எமது மாணவனே.

இரசாயனவியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு அதன் பின்வந்த பாடங்கள் தனி இன்பம் தந்தன. பிலிமின்மேற் பூசிய ஜெலற்றின் பசைக்குள் வெள்ளி புரோமைட்டுத் துகள்கள் கிடக்கின்றன. ஒளி பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நேர்கிறது. டிவலப்பர் என்னும் கரைசல் அத்தகைய துகள்களை மட்டுமே தேடிப்பிடித்துக் கரிய வெள்ளியாக்குகிறது. 1920களில் கொடாக் நிறுவனத்தார் வகுத்த டி-76 என்ற கலவை இன்றும் வழக்கில் உள்ளது: ஒரு லீற்றர் நீருக்கு மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோக்குயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். ஒளி படாது எஞ்சிய துகள்களைக் கரைத்து அகற்றுவது ஹைப்போ. அதன் கரைக்கும் குணத்தை 1819 இலேயே கண்டறிந்தவர் ஜோன் ஹேர்ஷல். அதனைக்கொண்டு படத்தை நிலைநிறுத்தலாம் என்று 1839 இல் எடுத்துக்காட்டியவரும் அவரே. இருபதாண்டுகள் அந்த அறிவு வேலையின்றிக் காத்திருந்தது!

புத்தகங்கள் யாவும் 20 பாகை வெப்பம் என்று விதிக்கின்றன. அவை குளிர்நாட்டார் எழுதியவை. திருகோணமலையிற் குழாயைத் திறந்தால் 30 பாகையில் நீர் வருகிறது. அவ்வெப்பத்திற் பசை வீங்கி இளகும். பின் திடீரெனக் குளிர்நீரில் இட்டாலோ சுருங்கி வலைபோல் வெடிக்கும். 20 பாகையில் ஏழரை நிமிடம் வேண்டும் வேலை, 24 பாகையில் ஐந்து நிமிடச் சில்லறையில் முடிந்துவிடும். அதற்கு மேலே போனால் கணக்கு கைவிட்டுப் போய்விடும். பெரியவர் கண்ட வழி எளிது. மீன்வாடியிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் வரவழைத்துத் தொட்டியிலிட்டு, கரைசற் போத்தல்களை அதற்குள் நிறுத்திவிடுவார். "பாரைக்குப் போடுற ஐஸ்தான் தம்பி, படத்துக்கும் போடுறது" என்பார். முதல் நாள் மீன் மணத்துக்கு முகஞ்சுளித்தவர்கள் இரண்டாம் நாள் அதை மறந்துவிட்டார்கள்.

ஹைப்போவை நீக்கும் கடைசிக் கழுவலுக்கு அவர் கொடுத்த இடம் பெரிது. ஓடும் நீரில் அரைமணி நேரம் விடுவது பழைய முறை. நீர் அருகிய ஊர்களுக்கு ஏற்றதாக வேறொரு முறையும் உண்டு: தொட்டியை நிரப்பி ஐந்து தரம் கவிழ்த்து நிமிர்த்தி ஊற்றிவிடுக, மறுபடி நிரப்பிப் பத்துத் தரம், பின்னும் ஒருமுறை, இருபது தரம். "இதிலே கள்ளம் செய்தால் இன்றைக்குத் தெரியாது, முப்பது வருஷத்தாலே மஞ்சளாய்த் தெரியும்" என்று அவர் எச்சரித்தார்.

இக்கலையை வகுப்பாக இருந்து கற்பது நம்மவர்க்குப் புதிதன்று. சென்னையில் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850 இல் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஒளிப்படக்கலையும் பாடமாயிற்று. அப்பள்ளியிற் பயின்ற ஐயாசாமி என்பவர், அரசாங்கப் படப்பிடிப்பாளரான லினியஸ் திரைப் என்னும் இராணுவ அதிகாரிக்குத் துணைவராய் அமைந்தார். திரைப் 1858 இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீண்ட படம் இன்றும் வியந்து பேசப்படுகிறது. படங்களில் திரைப்பின் பெயர் இருக்கிறது. ஐயாசாமியின் பெயரை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்?

நமது இலங்கைக்கு வந்தால், லயனல் வென்ற் முன்னே நிற்கிறார். சட்டம் பயின்றவர், பியானோ வாசிப்பில் வல்லவர், 1934 இல் வெளிவந்த 'சோங் ஒவ் சிலோன்' திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். இருட்டறையிலே அவர் செய்யாத சோதனை இல்லை எனலாம். ஒரு படத்தின்மேல் இன்னொன்றை இசைப்பார். பாதி விளைந்த படத்துக்கு வெளிச்சம் காட்டி அதன் விளிம்புகளைத் தலைகீழாக்குவார். 1944 இல் அவர் காலமானபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் தம் கையாற் போட்ட பிரதிகளே எஞ்சின. அவற்றுள் ஒன்று தொலைந்தால் அது தொலைந்ததேதான். மறுபடி போட வழியில்லை.

இதைப் பெரியவர் சொல்லக் கேட்டபோது எமது நினைவு ஊரை நோக்கி ஓடிற்று. எங்கள் பகுதியில் வென்ற்றின் கதை தலைகீழானது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் புகுந்தது. 2006 இற் போர் மூண்டு, உடுத்த துணியுடன் ஊர் கிளம்பிற்று. அரிசியைச் சுமந்தவர்கள் உண்டு, பிள்ளையைச் சுமந்தவர்கள் உண்டு, அல்பத்தைச் சுமந்தவர் யார்? திரும்பி வந்த வீடுகளிற் சுவர் இருந்தது, சுவரில் படம் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறார். நாம் வகுப்புக்குப் போகும் செய்தி அவர் செவிக்கும் எட்டியது. நான்காம் வாரம் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தை எம்மிடம் நீட்டினார். நகரில் வாழ்ந்து மறைந்த அவருடைய தமையனார் கமராவில் ஆர்வமுள்ளவராம். அண்ணி கொடுத்த தகரமாம். உள்ளே கடதாசி உறைகளில் ஆறு சதமமீற்றர்ச் சதுர நெகற்றிவ்கள். "என்னட்டை எங்கட அம்மாவின்ர முகம் ஒண்டுமில்லை, சேர். இதுக்குள்ளை இருப்பா" என்றார் ஆச்சி.

ஒன்றை எடுத்துச் சாளரத்துக்கு நேரே பிடித்தோம். தெளிவாக இருந்தது, மஞ்சளே இல்லை. கழுவலிற் கள்ளம் செய்யாத மனிதர்! வீட்டு வாசலில் பதினொருவர் நிற்கும் கல்யாணப் படம். ஆனால் எடுத்தது உச்சி வெயிலில். ஓரத்தில் நின்ற தாயார் முக்காட்டு நிழலுக்குள் இருந்தார். நெகற்றிவில் அவ்விடம் ஏறக்குறைய கண்ணாடியாய்க் கிடந்தது. பிரதியில் அது கரியாய் விழும்.

எமது மாணவன் ஒருவன் அதை வெளிச்சப் பலகையில் வைத்துக் கைத்தொலைபேசியால் எடுத்து, கறுப்பை வெள்ளையாக்கி, ஒரு நிமிடத்திற் காட்டினான். கெட்டிக்காரன். முகங்கள் தெரிந்தன, தாயாரும் மங்கலாகத் தெரிந்தார். அன்று மாலையே ஆச்சியிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை எங்கை தம்பி கொழுவுறது?" என்றார்.

ஐந்தாம் சனிக்கிழமை அதற்கே கழிந்தது. பெருப்பிக்கும் கருவியின்கீழ்க் கடதாசியை வைத்து, சிறு கீலங்களில் ஒளியளவைச் சோதித்தோம். பன்னிரண்டு விநாடி மற்றவர்களுக்குச் சரியாயிற்று. தாயாருக்கு அது அதிகம். பெரியவர் ஒரு கம்பியின் நுனியில் உழுந்தளவு கடதாசி வட்டம் ஒட்டித் தந்தார். ஒளி விழும் பன்னிரண்டில் ஐந்து விநாடிக்கு அந்த வட்டத்தின் நிழலை அம்முகத்தின்மேல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டாமல் நிறுத்தினால் விளிம்பு தெரிந்துவிடும். பிறகு கடதாசியைத் தட்டத்திலிட்டோம். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் வேட்டிகளின் மடிப்பு வந்தது. பிறகு கதவுநிலை, தோரணம், மாப்பிள்ளையின் தலைப்பாகை. முக்காட்டுக்குள் முதலில் ஒன்றுமில்லை. மெல்ல ஒரு மூக்குத்தி, பின்னர் ஒரு கன்னம். எவரும் பேசவில்லை.

ஆச்சி பிரதியைக் கையில் வாங்கியபோது தாயை முதலிற் பார்க்கவில்லை. "இஞ்சை, எங்கட கிணத்தடி" என்று மூலையில் ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினார். பிறகே தாயிடம் வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சற்றுப் பொறுத்து, பிள்ளைகள் ஐவருக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்றார். பெட்டியில் எஞ்சியிருந்த கடதாசி நான்கே. ஆறாம் சனிக்கிழமை நான்கையும் போட்டு முடித்தோம். ஐந்தாவதற்குக் கொழும்பிலிருந்து கடதாசி வரவேண்டும், சொல்லி அனுப்பியிருக்கிறோம்.