ரப்பர் துண்டும் தைரியமும்

கார் ஓட்டவே தெரியாத நான் பந்தயக் காரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனந்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு பாவத்திலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும்.

என் அக்காள் மகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரமெல்லாம் இயந்திரங்களோடு மல்லாடுவது போதாதென்று, பயிற்சி நாட்களில் ஒரு பழைய காரோடு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவான். ஒரு காலத்தில் பந்தயங்கள் சோழவரத்தில், யுத்தகால விமான ஓடுபாதையில் நடந்தன. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-ல் வந்தது. அதில் 12 வளைவுகள். "அத்தனை வளைவிலும் என் உயிர் போய் வருகிறது. நீ சொன்னால் கேட்பான், தம்பி" என்று அக்காள் என்னை அனுப்பி வைத்தாள்.

போனேன். பையனின் முகம் வாடியிருந்தது. "வளைவில் கை தயங்குகிறது, மாமா. பழைய தைரியம் இல்லை. விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்" என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது! "அதுதான் நல்லது" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள், வண்டிக்கடியில் படுத்திருந்த வயதான மெக்கானிக் குரல் கொடுத்தார்: "இங்கே குனிஞ்சு பாருங்க, சார்."

குனிந்தேன். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் வளைந்த கம்பிக்கு ஸ்டெபிலைசர் பார் என்று பெயராம். இரு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி எதிர்க்கும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 போட்டால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடுமாம். பையன் பணம் செலவழித்து அப்படித்தான் மாற்றியிருந்தான். ஆனால், கம்பியை வண்டியோடு பிடித்து வைக்கும் ரப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றவில்லை. பழையதையே குடைந்து மாட்டியிருந்தான். துளை முட்டை வடிவத்தில் தேய்ந்து கிடந்தது.

"கம்பி முறுகுறதுக்கு முன்னாலே ரப்பர் நசுங்குது. அதுவரைக்கும் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் திடீர்னு பிடிக்குது. யாருக்குத்தான் கை தயங்காது?" என்றார் அவர்.

அளவுக்கேற்ற பாலியூரித்தேன் புஷ் இரண்டை கிரீஸ் தடவி மாட்டினார். கிரீஸ் இல்லாவிட்டால் அது கீச்சிடும். அளவு மீறி இறுக்கினாலோ கம்பி சுழலாமல் திணறும், அதுவும் கெடுதல்தான்.

நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்தவன் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக்கின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால், அவன் ஆயுசு முழுவதும் தன்னைக் கோழை என்றே நினைத்திருப்பான். நானும் புத்திமதி சொன்ன திருப்தியோடு வீடு திரும்பியிருப்பேன்.

"பயம் அவனிடம் இல்லை, அக்கா. புஷ்ஷில் இருந்தது" என்றேன்.

"அப்படியானால் இன்னும் ஓட்டுவானா?"

"ஓட்டுவான்."

அக்காள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.