த்ரீ நாட் த்ரீயின் ஜாதகம்

பழைய சினிமாவில் கான்ஸ்டபிள் தோளில் தொங்குமே, அந்த நீளத் துப்பாக்கி... அதன் முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. நம் ஊரில் த்ரீ நாட் த்ரீ என்றால்தான் தெரியும். 1907-ல் வந்த மூன்றாம் மார்க் வகையோடுதான் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தன்றுதான்! வெளிநாடுகளில் இதைச் சேகரிக்கிறவர்கள் ஏராளம். வாங்கும்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி: இதில் எது அசல், எது நடுவில் வந்து சேர்ந்தது?

பதில் பெரும்பாலும் துப்பாக்கியிலேயே பொறித்திருக்கும். அடிக்கட்டை வந்து சேரும் இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கிரீடம், கீழே அரசரின் எழுத்துகள், தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மார்க். ஏழாம் எட்வர்டு காலம் என்றால் ஈ.ஆர். 1910-க்குப் பிறகு ஐந்தாம் ஜார்ஜ், எனவே ஜி.ஆர். வங்காளத்து இஷாப்பூரில் செய்தவற்றில் ஜி.ஆர்.ஐ. என்று பார்க்கலாம். கடைசி ஐ, சக்கரவர்த்தி என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து. நாடு குடியரசானதும் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது.

இந்த எழுத்துகளில்தான் போலிகள் மாட்டிக்கொள்கின்றன. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் கையாலேயே துப்பாக்கி செய்யும் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பார்த்தால் அசலேதான். ஆனால் ஆங்கிலம் தெரியாமல் பொறித்ததால் 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும். விக்டோரியா ராணி 1901-ல் இறந்தார், அவருடைய வி.ஆர். எழுத்துக்குக் கீழே 1915 என்று இருந்தால் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான் :-) சுவரில் மாட்டலாம். சுட்டுப் பார்க்கக் கூடாது, எஃகு என்ன தரமென்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது வரிசை எண். உடற்பகுதி, குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், குறிபார்க்கும் பலகையின் அடிப்பக்கம், முன்மூக்கு மூடி என்று ஒரே எண் பல இடங்களில் இருக்கும். எல்லாம் பொருந்தினால் விலை ஏறும். ஆனால் போல்ட் எண் விஷயம் வெறும் காசு விஷயம் அல்ல. ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தியிருப்பார்கள். வேறொன்றின் போல்ட்டைச் சொருகினால் தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிவிடலாம். சுடும்போது தோட்டாக்கூடு கிழிந்து சூடான வாயு பின்னால், சுடுகிறவர் முகத்துக்கே வரும். கேஜ் வைத்து அளக்காமல் சுடுவது பைத்தியக்காரத்தனம். டி.பி. என்ற முத்திரை இருந்தால் அளக்கவும் வேண்டாம். அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ராணுவமே ஒதுக்கியது. அந்த இரண்டு எழுத்தை ராவி எடுத்துவிட்டு விற்கிறவர்களை என்னவென்று சொல்வது?

எண் பொருந்தவில்லை என்றாலே மோசடி என்று முடிவுகட்டுவதும் தப்பு. ராணுவப் பட்டறைகளில் உடைந்த பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது தினசரி வேலை. பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணைப் பொறித்திருப்பார்கள். அது நேர்மையான தழும்பு. இஷாப்பூர்க்காரர்கள் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டார்கள், அதுவும் அப்படித்தான். பளபளவென்று எல்லா எண்ணும் பொருந்தி, எழுத்துகள் மட்டும் நேற்று அடித்தது போலக் கூராக இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். கட்டையில் பதிக்கும் பித்தளை வில்லைகளும் அதே கதை. படைப்பிரிவின் பெயரைக் காட்டும் இந்த வில்லைகள் முதல் உலகப்போரின் நடுவிலேயே கைவிடப்பட்டவை. இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள் இன்னொரு ரகம். அடிக்கட்டையில் எஸ், எல், பி என்று ஓர் எழுத்து இருக்கும். குட்டைக் கட்டை, நீளக் கட்டை, இன்னும் குள்ளமான சிப்பாய்க்குப் 'பேண்டம்' கட்டை. உயரத்துக்குத் தக்கபடி கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் தேய்த்தால் அந்தக் குள்ளச் சிப்பாய் காணாமல் போய்விடுவார்.

வாங்கப் போகிறவர் மேல்மரத்தைக் கழற்றிப் பார்க்கக் கேட்பது நல்லது. பின்பக்கத்துக் கைக்காப்பு மரம் வெறும் ஸ்பிரிங் கிளிப்பில்தான் நிற்கிறது, கையாலேயே எடுத்துவிடலாம். குழல் தயாரான ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் குழலின் பின்பகுதியில் இருக்கும். அது உடற்பகுதியின் ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.