கற்பனை அணியும் நேர்மையான பரிமாற்றமும்



மலேசியத் தமிழருக்கு விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காற்பந்துதான். ஆயினும் மட்டைப்பந்து நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 2008ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண இறுதியாட்டம் நம் பூச்சோங் கின்ராரா திடலில்தான் நடந்தது. தென்னாப்பிரிக்காவை வீழ்த்திய இந்திய இளையோர் அணிக்குத் தலைவர் விராட் கோலி. அவ்வணியில் ரவீந்திர ஜடேஜாவும் இருந்தார். அடுத்த மாதமே இந்தியாவில் ஐபிஎல் போட்டிகள் தொடங்கின. பூச்சோங்கில் ஆடிய பிள்ளைகள் பின்னாளில் கோடிகளில் விலைபேசப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்களில் சிலருக்கு ஓர் ஆசை பிறந்தது. நாமும் காகிதத்தில் ஓர் அணியை நடத்திப் பார்த்தால் என்ன?

எங்கள் போட்டியில் அறுவர். ஆசிரியர்கள் நால்வர், என் பழைய மாணவர்கள் இருவர். கணினியில் இதற்கென எத்தனையோ வசதிகள் இருந்தபோதும் நாங்கள் நம்புவது ஒரு தடித்த குறிப்பேட்டை மட்டுமே. பணம் வைத்து ஆடுவது கூடாது என்பது முதல் விதி. ஆளுக்கு 100 கற்பனை ரிங்கிட். ஏலத்தில் 14 வீரர்களை எடுக்க வேண்டும். ஓர் ஓட்டத்திற்கு 1 புள்ளி, ஒரு விக்கெட்டுக்கு 20, ஒரு பிடிக்கு 8. ஒருவர் ஏலத்தில் எடுத்த வீரர் மற்றவருக்குக் கிடையார். ஆகவே பருவத்தின் நடுவில் அணியைத் திருத்த வேண்டுமாயின் பரிமாற்றம் ஒன்றே வழி. அந்தப் பரிமாற்றமும் 35ஆம் ஆட்டத்திற்குள் முடிய வேண்டும். இருவரும் தத்தம் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

2023ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்.

ஏலத்தன்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சாம் கரனுக்காக 31 ரிங்கிட்டை அள்ளிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, பஞ்சாப் அணி அவருக்கு 18.5 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறதே என்றார். கணித ஆசிரியை அமைதியாக அமர்ந்திருந்து சுப்மன் கில்லை எடுத்தார். மோகித் சர்மாவின் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. முந்திய ஆண்டு குஜராத் அணியின் வலைப்பயிற்சியில் பந்து வீசிக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பருவத்தின் முடிவில் அவர் எடுத்திருந்த விக்கெட்டுகள் 27. ஏலத்தில் ஒருவர் பெறும் விலைக்கும் களத்தில் அவர் பெறப்போகும் புள்ளிக்கும் இடையே எத்தனை தூரம் என்பதை ஆண்டுதோறும் கண்டும், அடுத்த ஆண்டும் விலையைப் பார்த்தே மயங்குகிறோம்.

பெரும்பாலான ஆட்டங்கள் நம் நேரப்படி இரவு 10 மணிக்குத் தொடங்குபவை. காலையில் சபைகூடல் இருக்கும்போது முழு ஆட்டத்தையும் பார்க்க இயலாது. விடிந்ததும் புள்ளிப்பட்டியலைப் பார்த்துக் குறிப்பேட்டில் ஏற்றுவோம். என் அணியில் கே.எல்.ராகுல் இருந்தார். மே 1ஆம் நாள் லக்னோவில் களத்தடுப்பின்போது தொடையில் காயமுற்றுப் பருவம் முழுவதும் விலகினார். ஓர் அணியை நடத்துகிறவனின் வேலை ஏலத்தன்று முடிவதில்லை என்பது இத்தகைய காலைப்பொழுதுகளில்தான் புரியும். இருப்பவர்களைக் கொண்டு எஞ்சிய நாள்களை ஓட்ட வேண்டும்.

இனிப் பரிமாற்றத்திற்கு வருகிறேன்.

ஏப்ரல் 9ஆம் நாள் அகமதாபாத்தில் கொல்கத்தா அணிக்குக் கடைசி ஓவரில் 29 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ரிங்கு சிங் கடைசி ஐந்து பந்துகளையும் ஆறு ஓட்டங்களாக விரட்டி ஆட்டத்தை வென்றார். ரிங்கு என் அணியில் இருந்தார். மறுநாள் மாலையே என் பழைய மாணவர்களில் இளையவன் தொலைபேசியில் அழைத்தான். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறவன். அவன் அணி அப்போது கடைசி இடத்தில் இருந்தது.

"ஐயா, ரிங்குவ எனக்குக் குடுங்க. ஷமிய எடுத்துக்குங்க."

எனக்குப் பந்துவீச்சாளர் பற்றாக்குறை. முகமது ஷமி கிடைத்தால் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால், ஏன் இந்த முடிவு என்று கேட்டபோது, "நீங்க சரின்னா சரிதான் ஐயா" என்றான். அந்தச் சொல்தான் என்னைத் தடுத்தது. ஆறாம் ஆண்டு வகுப்பில் கணக்குப் பாடத்தில் அவன் எப்போதும் சொன்ன விடை அது. பின்னத்தைக் கரும்பலகையில் எழுதி, இது சரியா என்று கேட்டால், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் என் முகத்தைத்தான் பார்க்கிறான்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளோடு வள்ளுவர் முடிக்கிறார். பிறர் பொருளையும் தம்முடையதாகக் கருதிப் பேணும் வணிகமே வணிகம் என்பது அதன் கருத்து. வகுப்பில் பலமுறை நடத்திய பாடம். அதை என் மாணவனிடமே கடைப்பிடிக்க ஒரு வாய்ப்பு வந்தது. "இன்று வேண்டாம் தம்பி. இருவருக்கும் ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்துகள் கிடைக்கும் என்று எழுதிப் பார். நாளை மறுநாள் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை.

கற்பனை அணி நடத்துவோர் கவனிக்க வேண்டிய முதல் கணக்கு இதுதான். ஷமி புதுப்பந்தில் தொடங்குகிறவர். நான்கு ஓவர்களை முழுமையாக வீசினால் 24 பந்துகள். ரிங்குவோ ஐந்தாவது, ஆறாவது இடங்களில் மட்டை பிடிக்கிறவர். முன்னவர்கள் நன்றாக ஆடினால் அவருக்கு எஞ்சுவது சில பந்துகளே. ஐந்து ஆறுகள் கண்ணில் நிற்கும். நாள்தோறும் கிடைக்கும் வாய்ப்பு கண்ணில் நிற்பதில்லை.

சொன்னபடி அவன் நேரில் வந்தான். நான்காக மடித்த தாளில், பொருள்களின் விலைக்குறிப்புகளுக்கு நடுவே, பந்துக் கணக்கு இருந்தது. "ஷமிய நான் குடுக்க மாட்டேன் ஐயா. சாவ்லாவ எடுத்துக்குங்க" என்றான். பியூஷ் சாவ்லா 2022 பருவத்தில் எந்த அணியும் எடுக்காத சுழற்பந்து வீச்சாளர். மும்பை அணி அவரை 50 இலட்ச ரூபாய்க்கு எடுத்திருந்தது. நான் தயங்கினேன். அவன் விடவில்லை. எனக்குப் பந்துவீச்சாளர் தேவை, தனக்கு மட்டையாளர் தேவை என்று என் அணியின் குறையையும் சேர்த்து எடுத்துரைத்தான். என்னோடு அவன் வாதாடியது அதுவே முதன்முறை. குறிப்பேட்டில் கையொப்பமிட்டேன்.

அந்தப் பருவம் முழுமைக்கும் ரிங்கு எடுத்த ஓட்டங்கள் 474. சாவ்லா எடுத்த விக்கெட்டுகள் 22, எங்கள் கணக்கில் 440 புள்ளிகள். பிடிகளை விட்டுப் பார்த்தால் இடைவெளி 34 புள்ளிகளே. ஷமியோ 28 விக்கெட்டுகளுடன் தொடரின் முதலிடத்தைப் பிடித்தார், அதாவது 560 புள்ளிகள். இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போய், நம் நேரப்படி மே 30 அதிகாலை 4 மணியளவில், ஜடேஜா கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடிக்க, சென்னை வென்றது. எங்கள் குறிப்பேட்டில் கில்லின் 890 ஓட்டங்கள் கணித ஆசிரியையை முதலிடத்தில் அமர்த்தின. என் மாணவன் இரண்டாம் இடம். நான் மூன்றாம் இடம்.

2025 நவம்பரில் உண்மையான ஐபிஎல் களத்திலேயே ஒரு பெரும் பரிமாற்றம் நடந்தது. சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றனர். அங்கே பரிமாற்றத்திற்கு வீரரின் இசைவும் தேவை. எங்கள் குறிப்பேட்டில் வீரர்கள் வெறும் பெயர்கள். யாரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்கப்பட வேண்டியவர் எதிரே அமர்ந்திருக்கும் நண்பர். அவரும் நம்மைப் போலவே எல்லாம் அறிந்து இசைகிறாரா என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும், தோற்றாலும் மறுநாள் ஒரே மேசையில் தேநீர் அருந்தலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பரிந்துரை. சராசரியும் விழுக்காடும் கற்பிக்க ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகளில் இப்படியொரு குறிப்பேட்டைத் தொடங்கிப் பாருங்கள். காற்பந்தானாலும் சரி, மட்டைப்பந்தானாலும் சரி. காரணம் எழுதாமல் பரிமாற்றம் இல்லை என்ற விதியை மட்டும் தளர்த்திவிடாதீர்கள்.