யுனிவர்சிட்டி ஸ்டாப்பிங்

காளவாசலோடு மதுரை முடிந்துவிடுகிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது, 1980களின் கடைசி. தேனி ரோட்டில் பஸ் அச்சம்பத்தைத் தாண்டியதும் வெயிலும் கருவேல மரமும்தான். கூடவே நாகமலை ஓடிவரும். பாண்டியனை அழிக்கச் சமணர்கள் ஏவிய பாம்பு கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது என்று திருவிளையாடல் கதை. மதுரையைச் சுற்றி நிற்கும் யானைமலைக்கும் பசுமலைக்கும்கூட இதே மாதிரிக் கதை உண்டு. அந்தப் பாம்பின் காலடியில்தான் (பாம்புக்கு ஏது கால்!) பல்கலைநகர். “யுனிவர்சிட்டியெல்லாம் எறங்கு” என்று கண்டக்டர் கத்தினால் பாதி பஸ் காலியாகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிளையாக மதுரையில் இருந்ததைத் தனியாகப் பிரித்து 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். 1978இல் அதற்குக் காமராஜர் பெயர் வந்தது. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அடுத்து மு.வரதராசனார், பின்னால் வ.சுப.மாணிக்கம். தமிழ் வாத்தியார்கள் மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். தெ.பொ.மீ. பெயரிலிருந்த நூலகத்தில் மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடிக்க ஒரு போட்டியே நடக்கும். படிக்க வந்தவர்கள் பாதி, தூங்க வந்தவர்கள் பாதி.

என் வகுப்பில் அப்பா அம்மா கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் மிகக் குறைவு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்தவன். அவன் தாத்தா ரேகைச் சட்டக் காலத்து மனிதர்; குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ஊரில் வைத்த பெயர் அது. ராத்திரியானால் போலீஸ் கண்ணில் பட வேண்டும், வெளியூர் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வாழ்ந்தவர். அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களைப் பற்றி நான் முதலில் கேட்டது வகுப்பில் இல்லை, ஹாஸ்டல் மொட்டைமாடியில் அவன் சொல்லித்தான். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல். இருபது வருஷம் முடியுமுன்னே மதுரைக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்து, உசிலம்பட்டி போகும் ரோட்டிலேயே எழுந்து நின்றது. தாத்தா கைநாட்டு, பேரன் எம்.ஃபில். ‘உள்ளடக்கிய கல்வி’ என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதை நான் பார்த்தது இந்த வடிவத்தில்தான். சேரியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்த ரோடு இன்னும் நீளமானது. ஸ்காலர்ஷிப் பணம் வரும் வரை மெஸ் பாக்கியோடு அவர்கள் பட்ட பாட்டைப் பெருமைப் பேச்சில் மறைக்கக் கூடாது.

வளாகத்தில் எனக்கு அதிசயமாய் இருந்தது வௌவால்காரர்கள். விலங்கு நடத்தையியல் துறையில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் இருந்தார். ஜெர்மனியில் எர்வின் பூனிங்கிடம் உயிர்க்கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்துவிட்டு வந்தவர். கீழக்குயில்குடிச் சமணர்மலைப் பக்கத்தில் ஒரு குகை, உள்ளே இலைமூக்கு வௌவால்கள். அவரும் மாரிமுத்து, சுப்புராஜ் முதலானவர்களும் அந்தக் குகையின் கும்மிருட்டில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சூரியன் தெரியாத அந்த வௌவாலும், கூட்டம் அந்தியில் கிளம்புகிற நேரத்துக்குத் தானும் விழித்துக்கொண்டது. கூட்டமில்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நாள் கொஞ்சம் கொஞ்சமாக 24 மணிக்கணக்கைவிட்டு விலகிப் போயிற்று. சொந்தபந்தம்தான் அதற்குக் கடிகாரம் என்று உலகத்துக்குச் சொன்னது நம்ம ஊர்க் குகை. தாமரைக்குளத்தில் கால் நனைத்து, கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு நாங்கள் பேசாமல் திரும்பி வந்த மலை அது!

வௌவாலோடு நிற்கவில்லை. வெளிச்சமோ சத்தமோ நுழையாத ஓர் அறையைக் கட்டி, கடிகாரமும் பேப்பரும் ரேடியோவும் இல்லாமல் மனிதர்களைத் தங்கவைத்தார்கள். உள்ளே போனவர்களின் தூக்கமும் விழிப்பும் தம் போக்கில் நீண்டன. அப்படித் தங்கிய பெண் ஒருவரின் மாதவிடாய்ச் சுழற்சி தூக்கக் கணக்கோடு சேர்ந்து ஓடவில்லை என்பது 1991இல் கட்டுரையாக வந்தது. “சாப்பாடு உண்டுல்ல? அப்போ நானும் போறேன்” என்பது எங்கள் ஹாஸ்டல் ஜோக்.

அந்தப் பல்கலைக்கழகம் நல்ல ஆராய்ச்சி செய்ததெல்லாம் கண்ணெதிரே கிடந்ததை எடுத்துச் செய்தபோதுதான் என்று எனக்கு ஒரு கட்சி உண்டு. வரலாற்றுத் துறையில் கே.ராஜய்யன் 1800-1801 தென்னிந்தியப் புரட்சியை, மருது சகோதரர்களின் போரை, 1971இல் நூலாக்கி முதல் விடுதலைப் போர் அதுதான் என்று வாதாடினார். தொ.பரமசிவன் முனைவர் பட்டத்துக்கு அழகர்கோயிலை எடுத்துக்கொண்டார். கள்ளர், இடையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொரு சாதியாருக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று ஜனங்களிடமே கேட்டு எழுதினார். பல்கலைக்கழகம் அதை 1989இல் புத்தகமாகப் போட்டது. நோய் எதிர்ப்பியல் துறையின் ராமசாமி பிச்சப்பன் சுற்றுவட்டாரத்து மக்களின் ரத்தத்தைச் சோதித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆதி மனிதர்கள் நடந்துவந்த வழியைக் காட்டும் மரபணுக் குறியான எம்130, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கிடைத்தது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் வழியாக அது உலகம் முழுக்கப் போனது. எந்தத் தாத்தாக்களின் ரேகையைக் குற்றவாளிக் கணக்கில் உருட்டி வைத்தார்களோ, அந்த மண்ணின் ரத்தம்!

இதற்கிடையே உயிர்த்தொழில்நுட்பம் வேறு வந்தது. நாட்டில் அந்தப் படிப்பை முதலில் தொடங்கிய சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். மெஸ்ஸில் சப்பாத்தி கேட்டுச் சண்டை வந்ததும் அதற்குப் பிறகுதான்.

வளாகத்துக்கு வராமலே படித்தவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். 1972இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி. ‘கரஸ்’ என்றால் தெற்கத்தி ஜில்லாக்களில் அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர், பால்வாடி டீச்சர், மில் தொழிலாளி, கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய பெண் என்று சனி ஞாயிறு காண்டாக்ட் கிளாஸுக்கு ஒரு திருவிழாவே வரும். கைக்குழந்தையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு உள்ளே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அக்காமார்களைப் பார்த்திருக்கிறேன். ரெகுலரில் படித்த நாங்கள் கரஸ்காரர்களை இளக்காரமாகத்தான் பேசினோம். அவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பட்டத்தை வைத்துத்தான் பதவி உயர்வு வாங்கினார்கள், பிள்ளைகளை டாக்டர் ஆக்கினார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் வெற்றியை அளக்க எனக்கு இதைவிட நல்ல கோல் தெரியாது. அதே கரஸ், வருமானம் கொழிக்கிற சுரங்கமாக நடத்தப்பட்டு மெட்டீரியலும் திருத்தலும் சீரழிந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வருமானம் வற்றியதும் கஜானா ஆட்டம் கண்டது.

இப்போது காளவாசலிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை கட்டிடம்தான், ஊர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் நாக் குழு ஏ பிளஸ் பிளஸ் கொடுத்தது. அப்படியும் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போய், வயதான பேராசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் ஆள் போடாததால் ஆராய்ச்சித் துறைகள் ஒற்றை ஆளோடு மூச்சுவிடுகின்றன. பக்கத்துக் குகைக்குள் கூண்டைத் தூக்கிக்கொண்டு போக மாணவனும் வேண்டும், அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் வேண்டும்.

தமிழ்நாடு அரசு நிலுவையைத் தீர்த்து, காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பட்டும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வசதி உள்ள பிள்ளைகள் எப்படியும் படித்துக்கொள்வார்கள். செக்கானூரணியிலும் ஆண்டிபட்டியிலும் பஸ் ஏறுகிற பிள்ளைக்கு இந்த ஸ்டாப்பிங்கை விட்டால் வேறு கிடையாது.