ரெண்டு பட்டன் பாக்கி!

ஆக்ஸ்ஃபோர்டில் வெயில் அடித்தால் அதை யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து வீணாக்குவதில்லை. எப்போது திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரியாதே!

2018, ஜூன் மாதம். ஆபீஸ் என்னை மூன்று மாத டெபுடேஷனில் அங்கே அனுப்பியிருந்தது. நான் வாடகைக்கு இருந்த மாடி அறையின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய ரிட்டையர்டு மெக்கானிக். ஒரு சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார்.

"வெள்ளைக் குதிரை பார்க்கணுமா? பத்து நிமிஷத்தில் கீழே வா."

போனேன். வாசலில் குதிரை இல்லை, கார் இருந்தது. பச்சைக் கலர், ரெண்டே ஸீட், 1972-ம் வருஷத்து எம்.ஜி.பி. நானோ 'எம்.ஜி.' என்று சொன்னாலே அடுத்த எழுத்தைத் தானாகச் சேர்த்துக்கொள்கிற ஊர்க்காரன். அவர் விளக்கினார். எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். அதே மோரிஸ் கம்பெனியின் 'ஆக்ஸ்ஃபோர்டு' கார்தான் நம்ம ஊருக்கு வந்து அம்பாசடர் ஆனது. அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினும், இதன் 1798 சி.சி. என்ஜினும் ஒரே குடும்பம். அட, நம்ம கல்யாணக் காருக்குப் பங்காளி!

"வெயில் இருக்கு, டாப்பை மடிப்போம்" என்றார்.

திறந்த கார் என்றால் பட்டனைத் தட்டியதும் கூரை பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். இங்கே எல்லாம் கைவேலை. கண்ணாடிச் சட்டத்தின் மேல் இருக்கிற ரெண்டு கொக்கிகளைக் கழற்ற வேண்டும். டாப்பைப் பின்னால் தள்ளும்போது துணி கம்பிகளுக்கு நடுவில் மாட்டாமல் வெளியே இழுத்துவிட வேண்டும். பின்பக்க ஜன்னல் வெறும் பிளாஸ்டிக். கீறல் விழாமல் நடுவில் ஒரு மெத்தென்ற துணி. குழந்தையைத் தூங்க வைப்பது போல மடித்து வைத்தார்.

அதற்கப்புறம் ஒரு கறுப்பு ரெக்ஸின் உறையை எடுத்தார்.

"டாப்தான் மடிச்சாச்சே, அதுக்கு மேல எதுக்கு ஸார் இன்னொரு மூடி?"

"இது இல்லைன்னா காற்று மடிப்புக்குள்ள புகுந்து டாப்பை அடிச்சுக் கிழிச்சுடும். நடுவிலிருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு வா. இடதுபக்கம் உன் பொறுப்பு."

உறையின் விளிம்பில் வரிசையாக உலோக பட்டன்கள். காரின் உடம்பில் அதற்கேற்ற குமிழ்கள். சாதாரண பிரஸ் பட்டன் இல்லை இது. மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும், ஒரே ஒரு பக்கம்தான் தூக்கினால் கழலும். எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு சின்னப் புள்ளி. எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான்!

நாலு பட்டன் சுலபமாக விழுந்தது. ஓரத்து ரெண்டும் மட்டும் வர மறுத்தன. ராத்திரிக் குளிரில் ரெக்ஸின் இறுகியிருந்தது. இழுத்ததில் நகம் மடங்கியதுதான் மிச்சம். சும்மா உள்ளே செருகி, தட்டிவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது.

"ஆல் டன்?"

"டன்!"

ஆபீஸில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்காமல் வந்துவிட்டது.

முதலில் ஆபிங்டன். தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில்தான் 1929-லிருந்து 1980 வரை எம்.ஜி. தொழிற்சாலை இருந்தது. 1962-ல் தொடங்கி ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. பிறந்த இடம். ராஜ குடும்பத்தில் விசேஷம் என்றால் இந்த ஊர்ப் பெரியவர்கள் பழைய கவுன்ட்டி ஹால் மொட்டை மாடியில் ஏறி, கீழே நிற்கும் ஜனங்களுக்கு பன் வீசுவார்களாம்! பெரியவர் சொல்லச் சொல்ல, தலைக்கு மேல் ஆகாசம், முகத்தில் காற்று... எனக்கு ஹீரோ நினைப்பே வந்துவிட்டது.

ஊரைத் தாண்டி அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். எனக்குப் பின்னால் 'படபட'வென்று ஒரு சத்தம். திரும்பினேன். நான் செருகிவைத்த மூலை பலூன் மாதிரி உப்பியிருந்தது. வாயைத் திறப்பதற்குள் காற்று அடுத்த பட்டனைக் கழற்றியது, அதற்கடுத்ததையும். உறை முழுசாக எழும்பி, ராட்சச வௌவால் போலப் பறந்தது.

பின்னால் ஒரு மோட்டார் பைக்!

அந்த ஆள் சட்டென்று வளைத்தான். உறை அவன் தோளை உரசிக்கொண்டு வேலியில் போய் விழுந்தது. பைக் தள்ளாடி, புல்லில் இறங்கி நின்றது. ஒரு சாண் தள்ளிப் பறந்திருந்தால் அது அவன் முகத்தை மூடியிருக்கும். என் கை கால் நடுங்கியது.

பெரியவர் இறங்கி ஓடினார். "என் தப்பு. கிளம்பும் முன்னால் நான் இழுத்துப் பார்த்திருக்கணும்" என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"ஸார்... ரெண்டு பட்டன் நான் போடவே இல்லை."

"தெரியும்" என்றார். "போட முடியலைன்னு சொல்லியிருந்தா, நான் வந்து போட்டிருப்பேன்." அவ்வளவுதான்.

வான்டேஜில் மழை பிடித்துக்கொண்டது. டாப்பை ஏற்றிவிட்டு, ஆல்ஃபிரட் ராஜா சிலைக்கு எதிரில் டீ குடித்தோம். மழை விட்டதும் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை மலை.

மேலே ஏறினால் குதிரை முழுசாகத் தெரியவில்லை. காலடியில் வெள்ளைக் கோடுகள்தான். நீளம் சுமார் 110 மீட்டர்! மலைச்சரிவில் பள்ளம் வெட்டி, சுண்ணாம்புக்கல்லை நிரப்பி வரைந்திருக்கிறார்கள். வயசு சுமார் மூவாயிரம் வருஷம்.

"இன்னும் எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

"ஜனங்க சுத்தியலோடு வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து புதுச் சுண்ணாம்பை அடிச்சு இறுக்குவாங்க. கவனிக்காம விட்டா புல் மூடிடும்."

நடுவில் வந்தவர்கள் எல்லாம் மேலாகத் தட்டிவிட்டு "டன்!" என்று போயிருந்தால், இந்நேரம் அங்கே ஆடுதான் மேய்ந்துகொண்டிருக்கும்.

கீழே வந்தோம். மறுபடி வெயில். ஈர டாப்பை மடித்தால் பூசணம் பிடிக்கும் என்று துடைத்து, காயும்வரை காத்திருந்தோம். பெரியவர் புல்லில் உட்கார்ந்துகொண்டு, உறையை என்னிடம் நீட்டினார். ரெண்டு பக்கமும்!

நடுவிலிருந்து ஆரம்பித்தேன். வெயிலில் ரெக்ஸின் இளகியிருந்தது. ஓரத்து ரெண்டும் 'டிக்', 'டிக்' என்று விழுந்தபோது இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

"ஆல் டன்?"

"ஒரு நிமிஷம் ஸார்." ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "டன்" என்றேன்.

ஊருக்குத் திரும்பிய முதல் நாளே மானேஜர் கேட்டார்: "ரிப்போர்ட் முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு பட்டன் பாக்கி ஸார்!"

மனுஷர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.